அப்பா "ஓ", அம்மா "ஓ", குழந்தை "பி"! இது எப்படி?

கையில் ஒரு சின்னச் சீட்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சீட்டில் "பி" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

தகப்பனின் ரத்தம் "ஓ" பிரிவு. தாயின் ரத்தமும் "ஓ" பிரிவு. பிரசவத்தின்போது எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன். அவன் விளையாட்டாகச் சொல்கிறான்:

"ஓ-வுக்கும் ஓ-வுக்கும் பிறந்த பிள்ளை ஓ-வாகத்தான் இருக்கணும், அண்ணே! எங்க புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கு."

அவ்வளவுதான். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் பேசவில்லை. கணவன் திண்ணையிலேயே படுத்துக்கொண்டான். மனைவி அடுப்படியில் அழுதுகொண்டு இருந்தாள்.

இந்தக் குடும்பம் கற்பனைக் குடும்பம். ஆனால் இப்படி ஒரு சீட்டு உண்மையிலேயே ஒரு வீட்டுக்கு வரலாம். அந்தத் தாய் எந்தத் தவறும் செய்யாதவளாக இருக்கலாம்!

அப்படியானால் புத்தகம் பொய்யா? பொய் இல்லை. புத்தகத்தில் இருப்பது பொது விதி. அந்த விதிக்கு மேலே இன்னொரு விதி இருக்கிறது. அந்த இரண்டாவது விதியைக் கண்டுபிடிக்க உதவியது நம் நாட்டு நகரம்: பம்பாய். ஆண்டு 1952.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், பொது விதி என்ன என்று பார்த்துவிடுவோம். அது பட்டாணியில் ஆரம்பிக்கிறது.

பட்டாணி எண்ணிய துறவி

ஐரோப்பாவில் பிரனோ என்று ஒரு நகரம். இன்று செக் நாட்டில் இருக்கிறது. அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அங்கே ஒரு கிறிஸ்தவ மடம். அந்த மடத்தில் கிரிகோர் மெண்டல் என்ற துறவி இருந்தார். அவர் 1856-ம் ஆண்டு முதல் சுமார் 8 ஆண்டுகள் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி பயிரிட்டார்.

உருண்டையான விதை தரும் செடியையும், சுருங்கிய விதை தரும் செடியையும் ஒட்டுச் சேர்த்தார். பிறந்த விதைகள் எல்லாம் உருண்டை! சுருக்கம் எங்கே போயிற்று?

அந்த உருண்டை விதைகளை மறுபடி விதைத்தார். அடுத்த தலைமுறையில் 7,324 விதைகள் கிடைத்தன. உட்கார்ந்து எண்ணினார். 5,474 உருண்டை. 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

காணாமல் போன சுருக்கம் திரும்பி வந்துவிட்டது! தாத்தாவிடம் இருந்து, மகனிடம் ஒளிந்திருந்து, பேரனிடம் தலைகாட்டுவதுபோல.

மெண்டல் இதற்கு ஒரு காரணம் சொன்னார். ஒவ்வொரு குணத்துக்கும் உயிரின் உடம்பில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று தகப்பன் கொடுத்தது. மற்றது தாய் கொடுத்தது. இரண்டும் வேறு வேறாக இருந்தால், ஒன்று ஓங்கி நிற்கும். மற்றது ஒடுங்கி இருக்கும். ஒடுங்கியது அழிந்துவிடாது. அடுத்த தலைமுறைக்குப் போகும்.

இந்தப் பங்கைத்தான் இன்று "மரபணு" என்று சொல்கிறோம்.

1866-ல் அவருடைய கட்டுரை அச்சில் வந்தது. உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1884-ல் அவர் இறந்தார். 1900-ம் ஆண்டில்தான் அதன் அருமையை விஞ்ஞானிகள் உணர்ந்தார்கள். பாவம், அதைப் பார்க்க அவர் இல்லை.

இரண்டு நாற்காலி, மூன்று பேர்

அடுத்த ஆண்டு, 1901. வியன்னா நகரத்தில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற டாக்டர் ஒரு சங்கதி கண்டுபிடித்தார்.

தன் ரத்தத்தையும், உடன் வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் எடுத்தார். ஒருவர் ரத்தத்தின் சிவப்பு அணுக்களை இன்னொருவர் ரத்தத்தின் தெளிந்த நீரோடு கலந்து பார்த்தார். சிலருடையது கலந்துகொண்டது. சிலருடையது பால் திரிவதுபோலத் திரிந்து, கட்டி கட்டியாக நின்றது!

மனித ரத்தம் எல்லாம் சிவப்புதான். ஆனால் எல்லாம் ஒன்றல்ல என்று தெரிந்தது. ஏ, பி, ஓ என்ற பிரிவுகள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டில், ஏபி என்ற நான்காவது பிரிவும் கண்டுபிடிக்கப்பட்டது. லாண்ட்ஸ்டைனருக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன் ரத்தம் ஏற்றுவது சூதாட்டம்போல இருந்தது. சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

சரி, பிள்ளைக்கு ரத்தப் பிரிவு எப்படி வருகிறது? இதைச் சரியாகக் கணக்குப் போட்டுச் சொன்னவர் டாக்டர் அல்ல. கணக்கு ஆசிரியர்! ஜெர்மனியில் இருந்த பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன். ஆண்டு 1924.

அவர் சொன்னது இதுதான்.

ரத்தப் பிரிவுக்கு ஒவ்வொருவர் உடம்பிலும் இரண்டு நாற்காலிகள் உண்டு. உட்கார வருகிறவர்களோ மூன்று பேர்: ஏ, பி, ஓ. மூன்றும் ஒரே மரபணுவின் மூன்று உருவங்கள். ஆனால் ஒருவருக்கு இரண்டுதான் வாய்க்கும். தகப்பனிடம் இருந்து ஒன்று. தாயிடம் இருந்து ஒன்று.

ஏ-யும் ஓ-வும் உட்கார்ந்தால், ஏ மட்டுமே வெளியே தெரியும். ஓ ஒடுங்கிவிடும். பி-யும் ஓ-வும் உட்கார்ந்தால், பி தெரியும். ஏ-யும் பி-யும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்? இங்கேதான் மெண்டலின் பட்டாணிக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம். இரண்டில் ஒன்றும் ஒடுங்குவதில்லை. இரண்டும் தெரியும். அவர்தான் ஏபி பிரிவு.

இரண்டு நாற்காலியிலும் ஓ இருந்தால்தான் ஒருவர் ஓ பிரிவு.

இதனால் வேடிக்கையான காரியங்கள் நடக்கும். தகப்பன் ஏ, ஆனால் உள்ளே ஓ ஒளிந்திருக்கிறது. தாய் பி; அவளுக்குள்ளும் ஓ ஒளிந்திருக்கிறது. இவர்களுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தால், ஒருவன் ஏ, ஒருத்தி பி, ஒருவன் ஏபி, ஒருத்தி ஓ என்று நான்கு விதமாகவும் இருக்கலாம். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து உறங்கும் நான்கு பிள்ளைகளுக்கு நான்கு ரத்தம்!

ஆகவே அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ என்று சீட்டு வந்தால் யாரும் பதற வேண்டாம்.

ஆனால் அப்பா ஓ, அம்மா ஓ என்றால்? நான்கு நாற்காலியிலும் ஓ-தான். பிள்ளைக்கு வேறு எது கிடைக்கும்? ஓ-தான் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பையன் சொன்ன விதி இதுதான். பெர்ன்ஸ்டைன் விதி. மிகப் பெரும்பாலான குடும்பங்களில் இது தப்பாது.

சாப்ளினை மாட்டிவிட்ட வழக்கு

இந்த விதி கோர்ட்டு வரை போன கதை ஒன்று உண்டு. சம்பந்தப்பட்டவர் உலகத்தையே சிரிக்க வைத்த நடிகர் சார்லி சாப்ளின்!

1943-ம் ஆண்டு. ஓர் இளம் நடிகை, தன் குழந்தைக்குத் தகப்பன் சாப்ளின்தான் என்று அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் வழக்குப் போட்டார். சாப்ளின் மறுத்தார்.

1944-ல் மூவருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. தாய் ஏ பிரிவு. குழந்தை பி பிரிவு. சாப்ளின் ஓ பிரிவு.

வாசகர்களே, நாற்காலிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். குழந்தையிடம் பி இருக்கிறது. தாய் ஏ பிரிவு. அவளிடம் பி இல்லை. ஆகவே பி தகப்பனிடம் இருந்துதான் வந்திருக்க வேண்டும். சாப்ளினோ ஓ. அவரிடமும் பி இல்லை. எனவே அவர் தகப்பன் அல்ல!

பரிசோதித்த டாக்டர்கள் அப்படியே சொன்னார்கள். ஆனால் அன்றைய கலிபோர்னியா சட்டப்படி, ரத்தப் பரிசோதனை முடிவான சாட்சி அல்ல. முதல் விசாரணையில் ஜூரிகளுக்குள் ஒத்த கருத்து ஏற்படவில்லை. 1945-ல் நடந்த இரண்டாவது விசாரணையில், சாப்ளினே தகப்பன் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்! குழந்தைக்கு 21 வயது ஆகும்வரை அவர் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டியதாயிற்று.

விஞ்ஞானம் ஒரு பக்கம், தீர்ப்பு இன்னொரு பக்கம். இந்த வழக்கைப் பற்றிப் பலரும் கேலி பேசினார்கள். 1953-ல் கலிபோர்னியாவில் சட்டம் மாறியது. ரத்தப் பரிசோதனைக்குக் கோர்ட்டில் மதிப்பு வந்தது.

விதிக்கு மதிப்பு வந்த அதே காலத்தில், அந்த விதியில் ஓர் ஓட்டை இருப்பதை, உலகத்தின் இந்தப் பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பம்பாயில் திகைத்த டாக்டர்கள்

1952-ம் ஆண்டு. பம்பாய் (இன்றைய மும்பை) நகரத்தில் ஒருவர் ரெயில் விபத்தில் அடிபட்டார். இன்னொருவர் கத்திக்குத்துக் காயம் பட்டவர். இருவருக்கும் ரத்தம் ஏற்றியாக வேண்டும்.

பரிசோதனை செய்தார்கள். ஏ இல்லை. பி இல்லை. ஆகவே "ஓ" என்று நினைத்தார்கள். ஓ ரத்தத்தை எடுத்துக் கலந்து பார்த்தார்கள்.

திரிந்தது!

வேறு ஓ ரத்தம் எடுத்தார்கள். அதுவும் திரிந்தது. ஏ, பி, ஏபி எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் திரிந்தன. நூற்றுக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தும், ஒத்துப்போகும் ரத்தம் கிடைக்கவில்லை. டாக்டர்கள் திகைத்தார்கள். ஓ ரத்தம் யாருக்கும் கொடுக்கலாம் என்றுதானே படித்திருந்தார்கள்!

டாக்டர் ஒய்.எம்.பெண்டேயும் அவருடன் வேலை செய்தவர்களும் விடவில்லை. இதேபோன்ற ரத்தம் உள்ள மூன்றாவது ஆள் ஒருவரும் கிடைத்தார். இந்த மூன்று பேருடைய ரத்தமும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போயிற்று. வேறு யாரோடும் ஒத்துப்போகவில்லை. லண்டனில் உள்ள லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ராபர்ட் ரேஸ், ரூத் சாங்கர் போன்ற ரத்த நிபுணர்களும் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டில் "லான்செட்" என்ற புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் செய்தி வெளியாயிற்று.

இது ஏ அல்ல, பி அல்ல, ஓ-வும் அல்ல. புதிய பிரிவு! அதற்கு "பம்பாய் ரத்தப் பிரிவு" என்று பெயர் நிலைத்துவிட்டது. ஊரின் பெயர் மாறியும், ரத்தத்தின் பெயர் மாறவில்லை.

சுவரும் ஆணியும் படமும்

இந்தப் பிரிவின் ரகசியம் என்ன? வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு அணு ஒவ்வொன்றும் ஒரு சுவர். அந்தச் சுவரில் முதலில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். அதன் பிறகுதான் அதில் படம் மாட்ட முடியும்.

ஆணி அடிக்கிற வேலை ஒரு தனி மரபணுவுக்கு. அதற்கு "எச்" என்று பெயர். படம் மாட்டுவது நாம் முன்பே பார்த்த ஏ, பி, ஓ மரபணு. ஏ வந்தால் ஆணியில் ஒரு விதப் படம் மாட்டும். பி வந்தால் இன்னொரு விதப் படம். ஓ வெறுங்கையோடு வரும். அது ஒன்றும் மாட்டாது. ஆணி மட்டும் சும்மா இருக்கும்.

உண்மையில் ஆணியும் படமும் சர்க்கரை வகைகள்தான். எச் ஒரு வகைச் சர்க்கரையை ஒட்ட வைக்கிறது. அதன்மேல் ஏ ஒரு வகையும், பி இன்னொரு வகையும் ஒட்ட வைக்கின்றன. காப்பியில் போடும் சர்க்கரை அல்ல! அதன் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எச் மரபணுவுக்கும் இரண்டு நாற்காலி உண்டு. ஏ, பி, ஓ உட்காரும் நாற்காலி வேறு, இது வேறு. உடம்பிலே மரபணுக்கள் குரோமோசோம் என்ற நூல்களில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஏ, பி, ஓ இருப்பது 9-ம் எண் நூல். எச் இருப்பது 19-ம் எண் நூல். இரண்டும் தனித்தனியே பிள்ளைக்குப் போகும்.

ஒரு நாற்காலியில் நல்ல எச் இருந்தால் போதும். ஆணி அடிக்கப்பட்டுவிடும். ஆனால் இரண்டு நாற்காலியிலும் வேலை செய்யாத, கெட்டுப்போன எச் இருந்தால்?

ஆணியே இல்லை! பிறகு ஏ இருந்து என்ன, பி இருந்து என்ன? படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

டாக்டர் வந்து சுவரைப் பார்க்கிறார். ஏ படம் இல்லை. பி படம் இல்லை. "ஓ" என்று எழுதிவிடுகிறார். ஆணி இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. சாதாரணப் பரிசோதனையில் அதைப் பார்ப்பதும் இல்லை.

ஒரு மரபணு இன்னொரு மரபணுவை மூடி மறைப்பது என்றால் இதுதான். 1955-ல் அமெரிக்காவில் பிலிப் லெவின் என்ற நிபுணரும் மற்றவர்களும் இதைப் போன்ற ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, பி அழிந்துபோகவில்லை, இன்னொரு மரபணு அதை அடக்கி வைத்திருக்கிறது என்று எழுதினார்கள்.

எவ்வளவு சின்னக் கோளாறு இவ்வளவு பெரிய வேலை செய்கிறது, பாருங்கள். மரபணு என்பது, மணிமாலை கோப்பதற்கான குறிப்புபோல. ஏ-யின் மாலைக்கும் பி-யின் மாலைக்கும் 354 மணிகள். அவற்றில் 4 மணிகள்தான் வித்தியாசம்! ஓ-வுக்கோ குறிப்பில் ஓர் எழுத்து விட்டுப்போனது, மாலையே பாழ். இதை ஜப்பானிய விஞ்ஞானி யமமோட்டோவும் அவரைச் சேர்ந்தவர்களும் 1990-ல் வெளியிட்டார்கள். எச்-சின் மாலை 365 மணிகள். இந்தியாவில் பம்பாய்ப் பிரிவினர் பலரிடம் காணப்படுவது அதில் ஒரே ஒரு மணி மாறியதுதான்.

அந்த "பி" எங்கிருந்து வந்தது?

இப்போது நம் கற்பனைக் குடும்பத்துக்குத் திரும்புவோம்.

மனைவியின் ரத்தம் பம்பாய்ப் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் உடம்பில் பி மரபணு இருக்கிறது. ஆனால் ஆணி இல்லாததால் பி தெரியவில்லை. ஆகவே அவள் சீட்டில் "ஓ" என்று எழுதிவிட்டார்கள்.

கணவன் உண்மையான ஓ. படம் இல்லை, ஆனால் நல்ல ஆணி இருக்கிறது.

குழந்தைக்குத் தாய் பி படத்தைக் கொடுத்தாள். தகப்பன் ஆணியைக் கொடுத்தான். ஆணியில் படம் ஏறியது. குழந்தை "பி"!

அதாவது, தகப்பன் கொடுத்த ஆணிதான் அந்த "பி"-யை வெளியே கொண்டுவந்தது. எந்தச் சீட்டைப் பார்த்து அவன் சந்தேகப்பட்டானோ, அந்தச் சீட்டிலே அவனுடைய பங்கும் இருக்கிறது!

வேறு விதமாகவும் நடக்கும். தகப்பன் ஏபி, தாய் பி. பொது விதிப்படி இவர்களுக்கு ஓ குழந்தை பிறக்கவே கூடாது. ஆனால் இருவரிடமும் ஒரு கெட்டுப்போன எச் ஒடுங்கி இருந்தால், இரண்டையும் வாங்கிக்கொண்ட குழந்தை ஆணி இல்லாமல் பிறக்கும். சீட்டில் "ஓ" என்று வரும்.

இன்னொரு அபூர்வமும் உண்டு. சிலருக்கு ஏ-யும் பி-யும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்திருக்கும்! ஒரே மரபணு இரண்டு வேலையையும் செய்யும். அந்தத் தாயோ தகப்பனோ ஏபி, மற்றவர் ஓ என்றால், குழந்தை ஏபி-யாகப் பிறக்கலாம். பொது விதிப்படி இதுவும் நடக்கக் கூடாதது. 1964-ல் போலந்து நாட்டில் ஒரு குடும்பத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் இத்தகையவர்கள் சற்று அதிகமாக இருக்கிறார்கள்.

"அப்படியானால் சாப்ளினும் பம்பாய்ப் பிரிவாக இருந்திருக்கலாமே!" என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் ஐரோப்பியரிடையே இந்தப் பிரிவு பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்றுதான் கணக்கு. 1945-ல் இதைக் கேட்கவும் யாருக்கும் தெரியாது. பம்பாய்ச் செய்தி வெளியாக இன்னும் 7 ஆண்டுகள் இருந்தன.

கோழிக் கொண்டையிலும் இதே கூட்டு

மரபணுக்கள் கூடி வேலை செய்வது மனித ரத்தத்தில் மட்டுமா? கோழி வளர்ப்பவர்கள் கண் முன்னாலேயே இருக்கிறது.

சண்டைக்கு விடும் அசில் சேவலின் கொண்டையைப் பார்த்திருப்பீர்கள். ரம்பப் பல் போல நிமிர்ந்து நிற்காது. சிறிதாக, அழுந்தி இருக்கும். அதற்குப் பட்டாணிக் கொண்டை என்று பெயர். வேறு சில ஜாதிக் கோழிகளுக்கு அகலமான ரோஜாக் கொண்டை. இரண்டையும் சேர்த்தால், பிறக்கும் குஞ்சுக்கு ரோஜாவும் இல்லை, பட்டாணியும் இல்லை. அக்ரூட் பருப்புபோலப் புதுக் கொண்டை! அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்தால், 16 குஞ்சுக்கு ஒன்று வீதம் சாதாரண ரம்பக் கொண்டை வரும். இங்கிலாந்தில் பேட்சன், பன்னெட் என்ற இருவர் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இதை எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டு மரபணுக்கள் கூடினால் மூன்றாவது உருவம் பிறக்கிறது என்று அப்போதே தெரிந்தது. இதே கூட்டு மனிதனின் உயிரோடு விளையாடும் என்பது, பம்பாயில்தான் தெரிந்தது.

ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து

உயிரோடு எப்படி விளையாடுகிறது?

நம் உடம்பு, தன்னிடம் இல்லாததைக் கண்டால் விரோதியாக நினைக்கும். ஏ பிரிவுக்காரரின் உடம்பு, பி-யைக் கண்டால் எதிர்க்கும். பி பிரிவுக்காரரின் உடம்பு, ஏ-யை எதிர்க்கும்.

பம்பாய்ப் பிரிவுக்காரருக்கு ஏ இல்லை, பி இல்லை, ஆணியும் இல்லை. ஆகவே அவர் உடம்பு மூன்றையும் எதிர்க்கும். ஓ ரத்தத்தில் படம் இல்லாவிட்டாலும் சுவர் நிறைய ஆணி! அதை அவருக்கு ஏற்றினால், ஏற்றிய ரத்தம் உடம்புக்குள்ளேயே சிதைந்துவிடும். உயிருக்கே ஆபத்து.

இவர்கள் நோயாளிகள் அல்ல. நம்மைப்போல் நடமாடுகிறார்கள், வேலை செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ரத்தம் தேவைப்படும் நாள் வரும்வரை அவர்களுக்கே இது தெரியாது.

இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் இந்தப் பிரிவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். குறைவு என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 10,000-க்கு ஒருவரிடம் இரண்டு கெட்ட எச் சேர்ந்திருந்தால், ஒரே ஒரு கெட்ட எச்சை ஒளித்து வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய 50 பேருக்கு ஒருவர்! மெண்டல் கணக்கைப் போட்டால் இந்த விடை வரும். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், அந்தப் பந்தியிலேயே ஒருவர் இருக்கக் கூடும். அவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஒன்றும் வெளியே தெரியாது.

அப்படி ஒருவர் அந்நியக் குடும்பத்தில் பெண் எடுத்தால், அந்தப் பெண்ணிடமும் அதே கெட்ட எச் இருக்க 50-க்கு ஒரு வாய்ப்புத்தான். அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டினால் 8-க்கு ஒன்று. அக்காள் மகளைக் கட்டினால் 4-க்கு ஒன்று! நம் பக்கத்தில் உறவு விட்டுப் போகக் கூடாது என்று செய்யும் கல்யாணங்களில், சொத்தோடு சேர்ந்து இதுவும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வழி சுலபம். ரத்தப் பிரிவு பார்க்கும்போது சிவப்பு அணுவை மட்டும் சோதித்தால் ஏமாற்றம்தான். அந்த ஆளின் ரத்த நீரை எடுத்து, தெரிந்த ஓ ரத்த அணுவோடு கலந்து பார்க்க வேண்டும். உண்மையான ஓ என்றால் சும்மா இருக்கும். பம்பாய்ப் பிரிவு என்றால் திரிந்துவிடும்.

இன்னொரு சோதனைக்கு ஒரு செடியின் விதை உதவுகிறது. ஐரோப்பாவில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு முட்புதர் உண்டு. அதன் விதைச் சாறு, ஆணி உள்ள அணுக்களைக் கட்டிக்கொள்ளும். ஆணி இல்லாததைத் தொடாது. எங்கோ வேலியில் வளரும் முட்செடி, இங்கே ஒருவர் உயிரைக் காக்கிறது.

குழந்தையின் சீட்டும் பெற்றோரின் சீட்டும் ஒத்துப்போகாவிட்டால், முதலில் செய்ய வேண்டியது மறு பரிசோதனை. சீட்டில் கைதவறி மாற்றி எழுதிவிடுவதும் உண்டு. பம்பாய்ப் பிரிவைவிட அதுதான் அதிகம் என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் மரபணுப் பரிசோதனையே இருக்கிறது. ஒரு சீட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வாசலில் நிறுத்துவதற்கு, இன்று எந்த நியாயமும் கிடையாது.

பம்பாய்ப் பிரிவுக்காரருக்கு ரத்தம் வேண்டுமானால், முதலில் உடன் பிறந்தவர்களைப் பார்க்கிறார்கள். அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஒவ்வொருவருக்கும் அதே பிரிவு இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வெளியே தேடினால் 10,000-ல் ஒன்று. வீட்டுக்குள் தேடினால் நாலில் ஒன்று! முன்கூட்டியே தேதி குறித்த ஆபரேஷன் என்றால், அவருடைய ரத்தத்தையே எடுத்துச் சேர்த்து வைத்து அவருக்கே ஏற்றுவதும் உண்டு. சாதாரணமாகக் குளிர்ப்பெட்டியில் ரத்தம் 35 முதல் 42 நாள் வரைதான் கெடாமல் இருக்கும். உறைய வைத்தால் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். அதற்கு வசதி உள்ள இடங்கள் குறைவு.

நம் கற்பனைக் குடும்பத்துக்கு வருவோம். கணவன் மறுநாள் காலையில் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறான். மூவருக்கும் மறு பரிசோதனை. குழந்தையின் சீட்டு சரி. அவனுடைய சீட்டும் சரி. தப்பாக இருந்தது மனைவியின் சீட்டு! அதில் "ஓ" என்று எழுதியதை அடித்துவிட்டு, "பம்பாய்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

"போன பிரசவத்தில் ரத்தம் ஏதாவது ஏற்றினார்களா, அம்மா?" என்று டாக்டர் கேட்கிறார்.

"இல்லீங்க. சுகப்பிரசவம்."

டாக்டர் பெருமூச்சு விடுகிறார். அவளுடைய இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் வரச் சொல்கிறார். அடுத்த பிரசவம் வருவதற்குள் அவர்களில் யாருக்காவது அதே ரத்தமா என்று தெரிந்தாக வேண்டும். கணவன் அன்றைக்கே மைத்துனனுக்குப் போன் போடுகிறான்.